இ.பி.ஓ. ஊசி: சிறுநீரக நோயால் ரத்தம் குறைந்தவர்களும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அவர்களை மோட்டாரில் ஏற்றிவரும் பிள்ளைகள், வீட்டில் ஊசி போட்டுவிடும் மருமகள்கள் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே வரும் எண்கள் பொதுவானவை. உங்கள் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கும் மருத்துவர். இதைப் படித்துவிட்டு ஊசியை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஏன் குறைய வேண்டும்?

கழிவை வெளியேற்றுவதோடு சிறுநீரகத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதை உணர்ந்து எரித்ரோபொய்டின் (சுருக்கமாக இ.பி.ஓ.) என்ற ஹார்மோனைச் சுரப்பது அதுதான். எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை உண்டாக்குவது இந்த ஹார்மோன் வந்து தூண்டுவதால். சிறுநீரகம் சுருங்கச் சுருங்கச் சுரப்பும் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இ.பி.ஓ. ஊசி. நல்ல உடம்பில் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த ஆயுளும் குறைகிறது. டயாலிசிஸ் செய்பவருக்கு ஒவ்வொரு முறையும் குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிப் போகிறது. உற்பத்தி குறைவு, ஆயுள் குறைவு, இழப்பு என்று மூன்றும் சேர்ந்துதான் எச்.பி. (ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) இறங்குகிறது.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே தொடங்கிவிடும். டயாலிசிஸ் வரைக்கும் போகாதவர்கூட பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, காலையில் எழ முடியவில்லை என்பார். அதை வயசு என்று தள்ளிவிடாமல் ஒருமுறை எச்.பி. பார்த்துவிடுங்கள்.

எச்.பி. எவ்வளவுக்குக் கீழே போனால் ஊசி போடுவார்கள்?

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே இருந்தாலே ரத்தசோகைதான். ஆனால் அங்கேயே ஊசியைத் தொடங்குவதில்லை. டயாலிசிஸ் செய்பவருக்கு 9-க்கும் 10-க்கும் இடையில் வரும்போது தொடங்குவது வழக்கம். 9-க்குக் கீழே விழ விடக்கூடாது என்பதே நோக்கம். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு 10-க்குக் கீழே போன பிறகு, எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எவ்வளவு சோர்வு இருக்கிறது என்பதையும் பார்த்து முடிவு செய்வார்கள்.

அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், மலத்தில் ரத்தக்கசிவு ஆகியவற்றைச் சோதித்து, சரிசெய்யக்கூடியதை முதலில் சரிசெய்ய வேண்டும். இந்தப் படியைத் தாண்டி நேராக ஊசிக்குப் போனால், பின்னால் ஊசி கேட்கவில்லை என்று திரும்ப வந்து நிற்பீர்கள்.

எத்தனை வகை ஊசி இருக்கிறது? ஒருவருக்கு வாரம் மூன்று, இன்னொருவருக்கு மாதம் ஒன்று என்கிறார்களே?

உடம்பில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதில்தான் வித்தியாசம். எபோய்டின் ஆல்ஃபா, எபோய்டின் பீட்டா இரண்டும் குறுகிய காலம் தங்குபவை. வாரம் ஒன்று முதல் மூன்று முறை போட வேண்டும். எப்ரெக்ஸ், ரெக்கோர்மோன் என்ற பெயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டார்பெபொய்டின் வாரம் ஒருமுறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மிர்செரா என்ற பெயரில் வருவது இவற்றில் மிக நீண்ட நேரம் தங்குவது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, நிலைத்த பிறகு மாதம் ஒன்று.

மாத ஊசி உயர்ந்தது, வார ஊசி மட்டமானது என்று நினைக்க வேண்டாம். சரியான அளவில் போட்டால் எச்.பி.யை ஏற்றும் திறனில் பெரிய வேறுபாடு கிடையாது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு எப்படியும் வருபவருக்குக் குறுகிய கால ஊசி ஒரு தொந்தரவே இல்லை. உள்தோட்டத்திலிருந்து மாதம் ஒருமுறை மட்டும் கிளினிக் வரக்கூடியவருக்கு மாத ஊசி பெரிய வசதி.

எரித்ரோபொய்டின் ஹார்மோனை 1977-இல் முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுக்க 2,550 லிட்டர் மனிதச் சிறுநீர் தேவைப்பட்டது. கிடைத்ததோ சில மில்லிகிராம். 1980-களில் மரபணுத் தொழில்நுட்பம் வந்து, உயிரணுக்களை வளர்த்துத் தயாரிக்க முடிந்த பிறகுதான் 1989-இல் அமெரிக்காவில் ஊசியாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு டயாலிசிஸ் நோயாளிகள் பலர் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள்.

என் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

உடல் எடையை வைத்து. எபோய்டினுக்கு வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 50 யூனிட், வாரம் மூன்று முறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தடவைக்கு 3,000, வாரத்துக்கு 9,000 யூனிட். சிரிஞ்சு 2,000, 4,000 என்ற அளவுகளில் வருவதால், அருகிலுள்ள அளவுக்குச் சற்றே மாற்றிக்கொள்வார்கள். டார்பெபொய்டின் என்றால் கிலோவுக்கு 0.45 மைக்ரோகிராம் வாரம் ஒருமுறை. மிர்செரா என்றால் கிலோவுக்கு 0.6 மைக்ரோகிராம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

பிறகு எச்.பி.தான் வழிகாட்டும். மாதத்துக்கு 1 முதல் 2 வரை ஏறினால் சரியான வேகம். நான்கு வாரத்தில் 1 கூட ஏறவில்லை என்றால் அளவை 25 விழுக்காடு கூட்டுவார்கள். இரண்டே வாரத்தில் 1-க்கு மேல் குதித்துவிட்டால் 25 விழுக்காடு குறைப்பார்கள். கூட்டுவது நான்கு வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் கூடாது, ஏனென்றால் முந்தைய மாற்றத்தின் பலன் தெரிய அவ்வளவு நாள் ஆகும். நேற்று கூட்டியதற்கு இன்று பலன் தேடி, மறுபடியும் கூட்டி, இரண்டு மாதம் கழித்து எச்.பி. 13-ஐத் தாண்டி நிற்பது இப்படித்தான் நடக்கிறது.

ஊசி போட்ட எத்தனை நாளில் தெம்பு வரும்?

மஜ்ஜையில் புதிய அணுக்கள் பிறப்பது 7 முதல் 10 நாளில் பரிசோதனையில் தெரியும். எச்.பி. ஏற இரண்டு முதல் ஆறு வாரம். இந்த ஊசி உடனடி மருந்து கிடையாது. போட்ட அன்று மாலையே தெம்பு வந்துவிட்டது என்றால் அது வேறு காரணம்.

எச்.பி. 14, 15 என்று ஏற்றிவிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே? ஏன் 11-இல் நிறுத்துகிறார்கள்?

நியாயமான கேள்வி. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 2006-இல் வெளியான சாய்ர் ஆய்வில் 1,432 சிறுநீரக நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு 13.5-உம் இன்னொரு பிரிவினருக்கு 11.3-உம் இலக்காக வைத்தார்கள். அதிகம் ஏற்றப்பட்டவர்களிடம் மரணமும் இதயப் பாதிப்பும் கூடுதலாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2009-இல் வந்த ட்ரீட் ஆய்வில் இனிப்பு நீரும் சிறுநீரக நோயும் சேர்ந்த 4,038 பேர் பங்கேற்றார்கள். 13-ஐ இலக்காக வைத்து ஊசி பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றவர்களில் 2.6 விழுக்காடுதான். ஏறத்தாழ இரட்டிப்பு.

ரத்தம் கெட்டியாவதும், ரத்த அழுத்தம் ஏறுவதும், அதிக அளவு மருந்தும் சேர்ந்து ரத்தக்கட்டிக்கு வழிவிடுகின்றன. அதனால் பெரும்பாலானவர்களுக்கு 10-க்கும் 11.5-க்கும் இடையில் வைத்துக்கொள்வதே இன்றைய நடைமுறை. 13-க்கு மேல் வேண்டுமென்றே ஏற்றுவதில்லை. எச்.பி. 12.5 வந்ததும் மிஸி (தாதி) ஊசியை நிறுத்திவைத்தால், மருந்தை மிச்சம் பிடிக்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர் உங்களைக் காப்பாற்றுகிறார்.

ஊசியோடு இரும்பும் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஊசி மஜ்ஜையைத் தூண்டும். ஆனால் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினைச் செய்ய இரும்பு வேண்டும். ரப்பர் வெட்டுக்காரர் விடியற்காலையிலேயே வந்து நின்றாலும் மரத்தில் பால் இல்லாவிட்டால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது.

எவ்வளவு இரும்பு? 60 கிலோ எடையுள்ளவரின் எச்.பி.யை 8-இலிருந்து 11-க்கு ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். எடை 60, பற்றாக்குறை 3, இரண்டையும் பெருக்கி 2.4-ஆல் பெருக்கினால் 432 மில்லிகிராம். இது புதிய ஹீமோகுளோபினுக்கு மட்டும். கிடங்கில் சேமிப்பு தனி. டயாலிசிஸ் செய்பவர் ஆண்டுக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பை இழக்கிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாப்பாட்டால் மட்டும் இதை ஈடுகட்ட முடியாது.

பரிசோதனைத் தாளில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஃபெரிட்டின் என்பது சேமிப்பு. டிரான்ஸ்ஃபெரின் நிறைவு விழுக்காடு என்பது, இப்போது ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், மஜ்ஜைக்குப் போய்ச் சேரக்கூடிய இரும்பு. இந்த விழுக்காடு 20-க்குக் கீழே இருந்தால் ஊசி சரிவர வேலை செய்யாது. டயாலிசிஸ் செய்பவருக்கு ஃபெரிட்டின் 100-க்குக் கீழே என்றால் சேமிப்பே காலி. விழுக்காடு 30 வரையும், ஃபெரிட்டின் 500 வரையும் உள்ளவர்களுக்குக்கூட இரும்பு கொடுத்துப் பார்ப்பதுண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உடம்பில் எங்காவது கிருமித்தொற்று இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறிவிடும். 800 என்று காட்டும், ஆனால் விழுக்காடு 14-ஆக இருக்கும். இரும்பு நிறைய இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. உள்ளே பூட்டிக் கிடக்கிறது, வெளியே வரவில்லை. அப்போது முதலில் தொற்றைத் தேட வேண்டும். ஃபெரிட்டினை மட்டும் பார்த்து முடிவு செய்யும் இடங்களில் விழுக்காடு எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.

இரும்பு மாத்திரை போதாதா? ஏன் ஊசியாக ஏற்றுகிறார்கள்?

நாள்பட்ட சிறுநீரக நோயில் ஹெப்சிடின் என்ற பொருள் கூடிவிடுகிறது. குடலிலிருந்து இரும்பு உள்ளே போகும் வாசலை அது அடைத்துவிடும். டயாலிசிஸ் தொடங்காதவர்கள் ஒன்று முதல் மூன்று மாதம் மாத்திரையை முயன்று பார்க்கலாம். டயாலிசிஸ் செய்பவர்களில் பெரும்பாலோருக்கு மாத்திரையால் ஈடுகட்ட முடிவதில்லை.

மாத்திரை எடுப்பவர்கள் அதை வீணாக்காமல் எடுக்க வேண்டும். ஃபெரஸ் ஃபூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரையில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான். பசியாறும்போது தே தாரேக்கோடு (பால் தேநீரோடு) சேர்த்து விழுங்கினால் அதிலும் பெரும்பகுதி போய்விடும். தேயிலையும் பாலும் இரும்பைக் கட்டிப்போடும். பாஸ்பரஸுக்காகச் சாப்பாட்டோடு மெல்லும் கால்சியம் கார்போனேட் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். இவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, வெறும் வயிற்றில் அல்லது படுக்கப் போகும்போது எடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால். தார் போலப் பிசுபிசுத்து நாற்றமடித்தால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

நரம்பில் ஏற்றும் இரும்பில் அதிகம் பயன்படுவது அயர்ன் சுக்ரோஸ். 5 மில்லிலிட்டர் குப்பியில் 100 மில்லிகிராம். 100 மில்லிலிட்டர் உப்புநீரில் கலந்து குறைந்தது 15 நிமிடத்தில் ஏற்றுவார்கள். டயாலிசிஸ் செய்பவருக்குப் பத்து முறை ஏற்றினால் 1,000 மில்லிகிராம், ஒரு முழுச் சுற்று. ஏற்றி முடிந்து அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். உடம்பு அரிப்பு, நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல் வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். காய்ச்சலோ, டயாலிசிஸுக்காகப் போட்ட கழுத்துக் குழாயில் சீழோ இருக்கும் நாளில் இரும்பு ஏற்றக்கூடாது, கிருமிகளுக்கும் இரும்பு தீனி. குளிர் நடுக்கம் இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வீட்டில் ஊசியை எங்கே வைப்பது? கரண்ட் போனால்?

2 முதல் 8 டிகிரி வரை குளிர் வேண்டும். உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. இது புரதம். உருக்குலைந்துவிட்டால் மறுபடி சரியாகாது, வெளிப்பார்வைக்கும் தெரியாது.

ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைக்க நடுத்தட்டுதான் நல்ல இடம். கதவில் வைத்தால் பிள்ளைகள் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சூடேறும். மேலே உள்ள உறைபனி அறைக்குப் பக்கத்திலோ, பின்சுவரை ஒட்டியோ வைத்தால் உறைந்துவிடும். பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஊசியின் அட்டைப்பெட்டியோடு, வெளிச்சம் படாமல் வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன வெப்பமானி இருந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். உறைந்து உருகியதைப் போடவே போடாதீர்கள். குலுக்கவும் கூடாது.

கரண்ட் போனால் முதலில் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் நீண்டால், ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, ஊசியை நேராகத் தொடாதபடி தெர்மோப் பெட்டியில் வையுங்கள்.

வெளியே எத்தனை நாள் தாங்கும் என்பது வகைக்கு வகை மாறும். எபோய்டின் ஊசிகள் 25 டிகிரிக்குள் சில நாள் மட்டுமே தாங்கும். மிர்செரா 30 டிகிரிக்குள் ஒரு மாதம் வரை தாங்கும். ஆனால் நம் ஊர் மதியம் 32, 33 டிகிரி. தகரக் கூரை போட்ட லயத்து வீட்டுக்குள் அதற்கும் மேல். ஆகவே இந்தச் சலுகையைப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் வாங்கியதும் மோட்டார் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

வீட்டில் போடுவது எப்படி?

முதல் சில தடவை மிஸி முன்னால் போட்டுக் காட்டி, அவர் சரி என்ற பிறகே வீட்டில் தொடங்குங்கள். பெட்டியிலிருந்து எடுத்து 15 முதல் 30 நிமிடம் மேசையில் வைத்தால் எரிச்சல் குறையும். வெந்நீரில் வைக்காதீர்கள், வெயிலில் காட்டாதீர்கள். பெயர், யூனிட், காலாவதித் தேதி பாருங்கள். மருந்து தெளிவாக, நிறமின்றி இருக்க வேண்டும். கலங்கலோ துகளோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கையைச் சோப்பால் கழுவுங்கள். தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வயிறு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முந்தைய இடத்திலேயே மறுபடியும் போட வேண்டாம். ஆல்கஹால் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். ஈரத்தோடு குத்தினால்தான் எரிகிறது. தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, சொல்லிக்கொடுத்த கோணத்தில் ஊசியை நுழைத்து, மருந்தை மெதுவாகத் தள்ளுங்கள். சில விநாடி பொறுத்து எடுங்கள். பஞ்சால் அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். ஓர் இடத்தில் 1 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் ஒருபோதும் கூடாது.

சிரிஞ்சில் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள். கிருமி தடுக்கும் பொருள் அதில் இல்லாததால் அடுத்த தடவைக்கு வைக்கக்கூடாது. பயன்படுத்தியதை, மூடி திருகும் கெட்டியான சலவைத் திரவப் போத்தலில் போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் ஒப்படையுங்கள்.

இன்சுலினும் இ.பி.ஓ.வும் ஒரே பெட்டியில் இருக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். இரண்டுக்கும் யூனிட் என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டும் ஒரே அளவுகோல் கிடையாது. இன்சுலின் 20 யூனிட் என்பதற்கும் இ.பி.ஓ. 4,000 யூனிட் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்சுலின் சிரிஞ்சால் இ.பி.ஓ.வை அளக்காதீர்கள். இரண்டையும் வேறு வேறு நிற டப்பாவில் வைத்து, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இரவில் கண் தெரியாத தாத்தா தானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் வீடு என்றால் இது உயிர் விஷயம்.

டயாலிசிஸ் மையத்தில் எங்கே போடுகிறார்கள்?

பெரும்பாலும் டயாலிசிஸ் முடியும் நேரத்தில், திரும்பும் ரத்தக் குழாய் வழியாக. தனியாகக் குத்த வேண்டியதில்லை. தோலுக்கடியில் போட்டால் குறுகிய கால எபோய்டின் கொஞ்சம் குறைந்த அளவிலேயே வேலை செய்யும் என்பதால் சில மையங்களில் அப்படியும் போடுவார்கள்.

ஒரு ஊசி தவறிவிட்டது. இரண்டாகப் போடலாமா?

கூடாது. நினைவு வந்ததும் ஒன்று போட்டுவிட்டு, அடுத்ததற்கு எந்த நாள் என்று மையத்தில் கேளுங்கள். தவறியதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், ஊசி கேட்கவில்லை என்று நினைத்து மருத்துவர் அளவைக் கூட்டிவிடுவார்.

என்ன பக்கவிளைவு வரும்? எதற்கு உடனே ஓட வேண்டும்?

முக்கியமானது ரத்த அழுத்தம் ஏறுவது. முதல் மூன்று மாதம் அடிக்கடி பாருங்கள், வீட்டில் கருவி இருந்தால் தினமும் எழுதி வையுங்கள். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு ஊசியைத் தொடங்கவே கூடாது. எச்.பி. ஏற ஏறச் சிலருக்கு அழுத்த மாத்திரை கூட்ட வேண்டிவரும், உப்பையும் தண்ணீரையும் இறுக்க வேண்டிவரும். முதல் ஊசிகளுக்குப் பிறகு லேசான உடல்வலி, தலைவலி வருவது சாதாரணம்.

ஃபிஸ்டுலாவில் ரத்தம் கட்டுவது இன்னொன்று. தினமும் காலையில் விரலை வைத்துப் பாருங்கள், சிலிர்ப்பு போன்ற அதிர்வு இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே போங்கள், மறுநாள் வரை காத்தால் காப்பாற்றுவது கடினம்.

மேல் எண் 180-ஐத் தாண்டித் தலை வெடிப்பது போல வலி, பார்வை மங்கல், வலிப்பு, முகம் கோணுதல், கை கால் ஒரு பக்கம் செயலிழத்தல், பேச்சுக் குழறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 999-ஐ அழையுங்கள். முன்பு பக்கவாதம் வந்தவர்களும், புற்றுநோய் இருப்பவர்களும் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மாதக்கணக்கில் போட்டும் ஏறவில்லை. மருந்து போலியா?

அந்தச் சந்தேகம் கடைசியாக வரட்டும். முதலில் ஊசி உண்மையிலேயே உடம்புக்குள் போனதா, குளிரில் இருந்ததா என்று பாருங்கள். அடுத்தது இரும்பு. ஏறாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் காரணம் இந்த இரண்டுக்குள் அகப்பட்டுவிடும்.

பிறகு அழற்சி. கழுத்துக் குழாய், ஆறாத கால் புண், சொத்தைப் பல் எதுவானாலும் மஜ்ஜையை மந்தமாக்கும். இனிப்பு நீர் உள்ளவரின் பாதத்தை விரல் இடுக்கு வரை பிரித்துப் பாருங்கள். அடுத்தது டயாலிசிஸ் போதாமை. பஸ்ஸைப் பிடிக்க ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் முன்னதாகவே கழற்றச் சொல்பவருக்கு எந்த ஊசியும் முழுப் பலன் தராது.

ரத்தக்கசிவு இன்னொரு காரணம். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் பொன்ஸ்தான் போன்ற மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, தெரியாமலே ரத்தத்தை ஒழுகவிடும். மீதமிருக்கும் சிறுநீரகத்தையும் அவை கெடுக்கும். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கும் சுத்த சைவர்களுக்கும் பி12 குறைந்திருக்கலாம். பாராதைராய்டு அதிகமாகச் சுரப்பதும், குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருப்பதும், மஜ்ஜை நோய்களும் பட்டியலில் உண்டு.

மிக அரிதான ஒன்றையும் தெரிந்து வைத்திருங்கள். நன்றாக ஏறிக்கொண்டிருந்த எச்.பி. திடீரென்று வாரத்துக்கு 0.5 முதல் 1 வரை சரியத் தொடங்கினால், ஊசிக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். 1998-க்குப் பிறகு ஐரோப்பாவில் ஒரு தயாரிப்பின் கலவையை மாற்றியபோது, தோலுக்கடியில் போட்டுக்கொண்டவர்களிடம் இது கூடியது. அடைப்பான் ரப்பருக்குப் பூச்சு போட்டு, கையாளும் முறையை மாற்றிய பிறகு குறைந்தது. இப்படியானால் எல்லா இ.பி.ஓ. வகைகளையும் நிறுத்த வேண்டும். பிராண்டை மாற்றிப் பார்ப்பது தவறு.

இதையெல்லாம் பார்க்காமல் அளவை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது ஆபத்து. சரியான அளவில் பன்னிரண்டு வாரமாகியும் அசையாதவருக்கு மேலும் கூட்டிப் பயனில்லை.

பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை கொடுக்கலாமா?

நல்ல மனதோடு கொடுக்கிறோம். ஆனால் இவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும். இளநீரும் அப்படியே. உங்கள் பொட்டாசியம் எண்ணைப் பார்த்து உணவியல் நிபுணர் சொல்லும் அளவுக்கு மேல் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் காய்க்கும் பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூடக் கூடாது. சிறுநீரக நோயாளியின் மூளையைத் தாக்கி, விக்கல், குழப்பம், வலிப்பு என்று கொண்டுபோகும். டானிக், லேகியம், ஜாமு என்ற மூலிகை மருந்து எதுவானாலும் போத்தலோடு கொண்டுவந்து காட்டுங்கள். மலேசியாவில் பதிவான மருந்தில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத மருந்தைத் தொடவே தொடாதீர்கள்.

ஒரேயடியாக ரத்தம் ஏற்றிவிட்டால் ஊசி தேவையில்லையே?

அவசரத்தில் ரத்தம் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் ஏற்றிய ரத்தம் சில வாரங்களில் தேய்ந்துவிடும். அதோடு, பிறர் ரத்தம் ஏற ஏற உடம்பு எதிர்ப்பொருளைச் சேர்க்கும், பின்னால் சிறுநீரகம் தானமாகக் கிடைத்தாலும் பொருந்தாமல் போகலாம். சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் இளைஞர்களுக்கு இது மிக முக்கியம்.

செலவு?

அரசு மருத்துவமனையில் பதிவில் உள்ளவருக்குப் பெரும் சுமை இல்லை. தனியார் மையத்தில் ஊசிக்கும் டயாலிசிஸுக்கும் தனித்தனிக் கணக்கு வரலாம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியவர்கள் டயாலிசிஸ் உதவிக்கு விண்ணப்பிக்கும்போதே, ஊசியும் அதில் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணமில்லை என்பதற்காக இரண்டு ஊசியை ஒன்றாகக் குறைத்துக்கொள்ளும் முன் மையத்தின் சமூகநல அதிகாரியைப் பாருங்கள்.

ஊசிக்குப் பதில் மாத்திரை வந்துவிட்டதாமே?

வந்திருக்கிறது. உடம்பு தானாகவே எரித்ரோபொய்டின் சுரக்கத் தூண்டும் ரோக்சாடுஸ்டாட்டை 2018-இல் சீனாவும் 2019-இல் ஜப்பானும் அனுமதித்தன. டாப்ரோடுஸ்டாட்டை 2023-இல் அமெரிக்கா டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அனுமதித்தது. ரத்தக்கட்டி அபாயம் இவற்றிலும் உண்டு. ஊசியால் நிலையாக இருப்பவர் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.

இந்தியாவுக்குப் போகிறோம். ஊசியை எப்படிக் கொண்டுபோவது?

கைப்பையில். சரக்குப் பெட்டியில் போட்டால் விமானம் மேலே பறக்கும்போது உறைந்துவிடலாம். மருத்துவரின் கடிதமும், மருந்துப் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டியும் கூடவே இருக்கட்டும். தெர்மோப் பையில் குளிர்ப்பொதியைத் துணியில் சுற்றி வைத்து, தங்கும் இடத்தில் ஐஸ் பெட்டி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே டயாலிசிஸுக்கு இடம் பதிவு செய்யும்போது, கடைசி மூன்று மாத எச்.பி., ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் விழுக்காடு, ஊசியின் பெயரும் அளவும், கடைசியாகப் போட்ட தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி அனுப்புங்கள். அங்கே வேறு பெயரில் ஊசி கொடுத்தால், யூனிட்டா மைக்ரோகிராமா என்று பார்த்துக்கொண்டு, போட்டுக்கொள்ளும் முன் இங்குள்ள மையத்துக்கு ஒரு போன் போட்டு விடுங்கள்.